வேர்டு மொழி அமைப்பு: ஒரு கணினியில் சரி செய்தால் அடுத்ததில் கெடுகிறது, உதவுங்கள்

மேசை நான்கு (கேட்டவர்)

எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறிய அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பிரிண்டரில் ஒருமுறை சிக்கிய தாளை எடுத்துவிட்டேன் என்ற ஒரே தகுதியில் பதினோரு கணினிகளையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆறு பழையவை, விண்டோஸ் 10. நான்கு புதியவை, விண்டோஸ் 11. பத்திலும் வேர்டு. மீதி ஒன்றில் லிப்ரே ஆஃபீஸ் (வேர்டு போன்ற இலவச மென்பொருள்).

தொல்லைகள் இவை. தமிழ்க் கடிதம் எதைத் திறந்தாலும் சொல்லுக்குச் சொல் சிவப்புக் கோடு. புதிய கணினியில் ஒரே பக்கத்தில் அடங்கும் கடிதம், பிரிண்டர் இணைத்திருக்கும் பழைய கணினியில் இரண்டு பக்கமாகிறது. கையெழுத்து இடம் மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூன்றாவதுதான் விசித்திரம். ஏழாம் மேசை அக்கா 'வணக்கம்' என்று அடித்தால் 'வுணக்கம்' என்று மாறுகிறது. 'தலைவர்' என்று தொடங்கினால் 'துலைவர்'. அவருடைய கணினியில் மட்டும்தான் இப்படி.

என் கணினியில் தமிழை இயல்பு மொழியாக வைத்துப் பார்த்தேன். அடுத்த மேசையிலிருந்து வந்த கோப்பைத் திறந்தால் மறுபடியும் ஆங்கிலம். ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து மாற்றத்தான் வேண்டுமா?

சட்டென்று

ஆஃபீஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள். சரியாகிவிடும்.

மேசை நான்கு

ஒன்றில் செய்துவிட்டேன் நண்பரே. அரை நாள் போனதுதான் மிச்சம். கோடு அப்படியே இருக்கிறது.

வயர் முடிச்சு

அழித்து நிறுவுவதால் பயனில்லை. கோளாறு மென்பொருளில் இல்லை.

மொழி என்பது மூன்று இடங்களில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸில் இருப்பது விசைப்பலகை. வேர்டின் ஆப்ஷன்ஸில் இருப்பது அந்தக் கணினியில், அந்தப் பயனருக்கு மட்டுமான விருப்பம். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம்: 'இது எந்த மொழி' என்ற குறிப்பு கோப்புக்குள்ளேயே, ஒவ்வொரு துண்டு எழுத்தோடும் ஒட்டிக்கொண்டு போகிறது. அதனால் உங்கள் கணினியில் எதை மாற்றினாலும், பக்கத்து மேசைக் கோப்பு தன் மொழியைத் தானே சுமந்துகொண்டு வரும்.

இப்போதே சோதிக்கலாம். சிவப்புக் கோடு விழுந்த சொல்லில் கர்சரை வையுங்கள். ஜன்னலின் அடிப்பட்டையில் மொழியின் பெயர் தெரியும். அங்கே என்ன இருக்கிறது? அந்த எழுத்துரு எது? தமிழை எதில் அடிக்கிறீர்கள்?

மேசை நான்கு

பார்த்தேன். 'இங்கிலீஷ் (யுனைடெட் ஸ்டேட்ஸ்)' என்றுதான் இருக்கிறது. எழுத்துரு பெரும்பாலும் லதா. ஏழாம் மேசையில் மட்டும் பாமினி. நாங்கள் அடிப்பது விண்டோஸ் விசைப்பலகை இல்லை, தனியாக இறக்கிய ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருள்.

வயர் முடிச்சு

கோட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அந்த மென்பொருள் தமிழ் எழுத்தைத் தருகிறது, ஆனால் விண்டோஸைப் பொறுத்தவரை விசைப்பலகை இன்னும் ஆங்கிலம்தான். வேர்டு அதை நம்பி, நீங்கள் அடிப்பதை அமெரிக்க ஆங்கிலம் என்று குறித்துவைக்கிறது. பிறகு அகராதியில் தேடினால் எங்கே கிடைக்கும்? விண்டோஸிலேயே தமிழ் மொழியைச் சேர்த்து, அதில் வரும் தமிழ் 99 விசைப்பலகையில் அடித்தால் குறிப்பும் தமிழ் என்றே விழும்.

பழைய கோப்புகளுக்கு: முழுவதையும் தெரிவு செய்து, ரிவ்யூ பட்டியில் லாங்குவேஜ், அதில் செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ், தமிழ் (இந்தியா). ஆங்கிலப் பத்திகள் கலந்திருந்தால் அவற்றை விட்டுவிட்டுத் தெரிவு செய்யுங்கள். தமிழுக்கான சரிபார்ப்புப் பொதி இல்லையென்றால் மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும். பொதியைத் தனியாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் நம் விகுதிகளையும் புணர்ச்சியையும் அது முழுக்கத் தாங்கும் என்று நம்பாதீர்கள். நான் என் அலுவலகத்தில் 'டு நாட் செக் ஸ்பெல்லிங்' பெட்டியில் டிக் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறேன்.

இரண்டு பக்கச் சிக்கலுக்கு ஒரு சந்தேகம். புதிய கணினிகளில் லதா உண்மையிலேயே இருக்கிறதா? எழுத்துருப் பெட்டியில் பெயர் தெரிகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இல்லாத எழுத்துருவின் பெயரையும் வேர்டு அப்படியே காட்டும், வரைவதோ வேறொன்றால். கீழே விரியும் பட்டியலில் லதா வருகிறதா பாருங்கள்.

மேசை நான்கு

வரவில்லை! நான்கிலுமே இல்லை. பெட்டியில் மட்டும் 'லதா' என்று கம்பீரமாக நிற்கிறது.

வயர் முடிச்சு

அதேதான். விண்டோஸ் 7 காலத்தில் லதா கூடவே வந்தது. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்ற தனிப்பொதிக்குப் போய்விட்டன. தமிழ் மொழியைச் சேர்த்த கணினியில் அது தானாக இறங்கும், சேர்க்காததில் இருக்காது. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி அந்தப் பொதியை ஏற்றுங்கள். நிர்வாகி கடவுச்சொல்லும் இணையமும் வேண்டும்.

இது பழைய கடிதங்களுக்காக. புதிய கடிதங்களுக்கு நிர்மலா யுஐ எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 8-லிருந்து அது கூடவே வருவதால் உங்கள் பத்துக் கணினியிலும் இருக்கும்.

பழைய டைப்பிஸ்ட்

தம்பி, அந்த 'வுணக்கம்' என் ஏரியா, நான் சொல்கிறேன். பாமினியில் நாம் பார்ப்பது தமிழ். கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்து. சின்ன 'டி' (t) தட்டினால் 'வ'. ஷிஃப்டோடு தட்டினால் 'வு'. சின்ன 'ஜே' என்றால் 'த', பெரிய 'ஜே' என்றால் 'து'. வேர்டு என்ன செய்கிறது? வாக்கியம் தொடங்குகிறதே என்று முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குகிறது. ஆங்கிலத்துக்கு அது உபகாரம். நமக்கு 'கடிதம்' 'குடிதம்' ஆகிறது, 'மனு' 'முனு' ஆகிறது. ஒருமுறை 'பணிவுடன்' என்பது 'புணிவுடன்' ஆகி அச்சாகி, கையெழுத்தும் ஆகிப் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ். அதில் 'கேப்பிடலைஸ் ஃபர்ஸ்ட் லெட்டர் ஆஃப் சென்டென்சஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். இது கோப்போடு போகாது, கணினியிலேயே தங்கும். பாமினிக்குத் தமிழ் அகராதிப் பொதி ஏற்றியும் பயனில்லை. அது தமிழ் என்றே வேர்டுக்குத் தெரியாது. 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) ஏற்றுக்கொண்டாயிற்று. ஏழாம் மேசை அக்காவையும் அதற்கு மெல்ல மாற்றுங்கள், ஆனால் கை பழகிய வேகத்தை மதித்து மாற்றுங்கள்.

வயர் முடிச்சு

டைப்பிஸ்ட் அக்கா சொன்னது அருமை. பதினோரு மேசைக்கும் ஓடாமல் இருக்க ஒரு வழி: லெட்டர்ஹெட்டை டெம்ப்ளேட்டாக (மாதிரிக் கோப்பாக) சேமியுங்கள். அதில் தமிழ்ப் பத்திக்கு ஒரு ஸ்டைல், ஆங்கிலப் பத்திக்கு ஒன்று. மாடிஃபை ஸ்டைல், ஃபார்மேட், லாங்குவேஜ் என்று போனால் மொழியையும் ஸ்டைலுக்குள்ளேயே வைக்கலாம். ஆங்கிலத்துக்கு இந்தியா என்று தேர்ந்தெடுங்கள், 'கலர்' எழுத்துக்கூட்டலுக்கு அமெரிக்கக் கோடு விழாது. டெம்ப்ளேட்டைப் பொது ஃபோல்டரில் போட்டு, படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். ஒவ்வொரு வேர்டிலும் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ஃபைல் லொகேஷன்ஸ், வொர்க்குரூப் டெம்ப்ளேட்ஸ் என்ற இடத்தில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். அந்த ஒரு சுற்று மட்டும் நீங்கள் நடந்துதான் ஆக வேண்டும். பிறகு எதை மாற்றினாலும் ஒரே இடம். புதிதாகத் தொடங்கும் கடிதங்கள் அதன்படி வரும்.

லிப்ரே ஆஃபீஸ் கணினியில் மொழி அமைப்புப் பக்கத்துக்குப் போய், காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை (தமிழ் போன்ற எழுத்துகளுக்கான அமைப்பு) இயக்கி, அதற்குத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். வேர்டு கோப்பை அதில் திறந்தால் வரி கொஞ்சம் நகரத்தான் செய்யும். அச்சுக்குப் போகிற கடிதத்தை அங்கே தொடாதீர்கள்.

மேசை நான்கு (மூன்று நாள் கழித்து)

நான்கு கணினியிலும் லதா ஏற்றியாயிற்று. இப்போது அந்தக் கடிதம் எல்லாக் கணினியிலும் ஒற்றுமையாக இரண்டு பக்கம் போகிறது! அடிக்கிறவருக்கே அது தெரிந்துவிடுவதால் அங்கேயே சுருக்கிவிடுகிறார். டெம்ப்ளேட் ஏழு மேசைக்குப் போய்விட்டது, மூன்று பாக்கி. ஏழாம் மேசை அக்காவின் டிக்கை எடுத்துவிட்டேன். மற்ற கணினிகளில் அது ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லாமல் செய்துவிட்டுப் போன புண்ணியம்.

ஒன்று மட்டும் பாக்கி. நடுவில் விசைப்பலகை தானாகத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தாவுகிறது.

பழைய டைப்பிஸ்ட்

இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்து பட்டிருக்கும், வேகமாக அடிக்கிறவர்களுக்கு வருவதுதான். விண்டோஸின் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸில் அந்தக் குறுக்குவழியை எடுத்துவிட்டு, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் தாவினால் வேர்டின் அட்வான்ஸ்டு பகுதியில் சுற்றியுள்ள எழுத்தைப் பார்த்து விசைப்பலகையை மாற்றும் டிக் ஒன்று இருக்கும். அதையும் எடுங்கள்.

மேசை நான்கு

இரண்டாவதுதான். எடுத்ததும் நின்றுவிட்டது. நன்றி, டைப்பிஸ்ட் அக்கா.