சிவகாசிக்குப் போக வேண்டிய கோப்பு

குழு: தாராவி வீடு, சயான் வீடு
திங்கட்கிழமை

சின்ன மாமா (கோவில்பட்டி), காலை 7.05
அனைவருக்கும் வணக்கம். கயல் கல்யாணப் பத்திரிகையின் இறுதி வடிவம் இன்று மாலை 5 மணிக்குள் கைக்கு வந்தாக வேண்டும் என்று சிவகாசி அச்சகத்தார் சொல்லிவிட்டார்கள். தவறினால் நமது வேலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். அப்பா, கோப்பை அனுப்பிவிட்டீர்களா?

தாத்தா (தாராவி), 7.20
பத்திரிகையை எழுதி முடித்துவிட்டேன். ஆனால் நேற்றுக் காலையிலிருந்து கணினி திறந்த பத்து நிமிடத்துக்குள் உறைந்து நின்றுவிடுகிறது. சுட்டி நகர்வதில்லை, திரையின் மேலே உள்ள கடிகாரமும் நின்றுவிடுகிறது. இப்போது அது 6.46 காட்டுகிறது, சுவர்க் கடிகாரத்தில் 7.20 ஆகிவிட்டது. சனிக்கிழமை இரவு செல்வி இயங்குதளத்தை மேம்படுத்திய பிறகுதான் இப்படி.

பெரிய மாமா (முலுண்ட்), 7.31
நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியில் கல்யாண நேரத்தில் செல்வி ஏன் கை வைத்தாள்?

செல்வி (சின்ன மாமாவின் மகள், தாராவி), 7.33
பெரியப்பா, மேம்படுத்தச் சொல்லி அறிவிப்பு வந்தது. தாத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் சம்மதம் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. பிழை என்று எதையும் காட்டவில்லை.

சின்ன மாமா, 7.34
அண்ணா, அவளைச் சொல்லாதீர்கள். அந்த வீட்டில் அந்தக் கணினியைத் துடைத்து வைப்பவளே அவள்தான்.

பெரிய மாமா, 7.36
நான் யாரையும் சொல்லவில்லை. கடையில் கொடுத்து ஃபார்மட் செய்துவிட்டால் மதியத்துக்குள் முடிந்துவிடும் என்கிறேன்.

அம்மா (கயலின் தாய், சயான்), 7.37
கடைப் பேச்சே வேண்டாம் அண்ணா. 2019-இல் அப்படிக் கொடுத்துத்தான் நம் அம்மாவின் படங்கள் அத்தனையும் போயின.

மாதவன் அத்தான் (கயலின் அக்கா கணவர், பெங்களூரு), 7.52
தாத்தா, அத்தை, எல்லோருக்கும் வணக்கம். ஃபார்மட் இப்போது வேண்டாம். வன்தட்டில் இருப்பவை இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஏற்கெனவே சேமித்த கோப்பு கணினி நிற்பதால் பெரும்பாலும் அழிவதில்லை. செல்வி செய்ததிலும் தவறில்லை. அந்தக் கணினியில் இருந்த உபுண்டு 22.04 என்ற இயங்குதளப் பதிப்பு 2022 ஏப்ரலில் வெளிவந்தது. அதற்கு அடுத்த நீண்டகால ஆதரவுப் பதிப்பான 24.04, 2024 ஏப்ரலில் வந்தது. இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் மாறியே ஆக வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நிற்பது திரை மட்டுமா, கணினி முழுவதுமா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் வைத்தியம் வேறு. செல்வி, நின்றிருக்கும் இந்த நிலையிலேயே விசைப்பலகையில் உள்ள ‘நம் லாக்’ (Num Lock) விசையை அழுத்திப் பார். அதன் விளக்கு அணைந்து எரிந்தால் உள்ளே கணினி உயிரோடு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். விளக்கு மாறாவிட்டால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த விளக்கை மாற்றும் பொறுப்பு பெரும்பாலும் திரையைக் கவனிக்கும் நிரலிடமே இருக்கிறது. அதனால் இரண்டாவது சோதனையும் தேவை: ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்து அழுத்திப் பிடித்தபடி, எஸ், யு, பி (S, U, B) என்ற மூன்று எழுத்துகளை இரண்டிரண்டு நொடி இடைவெளி விட்டுத் தட்டு. இந்தக் கட்டளை திரையைத் தேடிப் போகாமல் நேரே கெர்னலுக்கு, அதாவது வன்பொருளை இயக்கும் மைய நிரலுக்குப் போகும். எஸ் வன்தட்டில் எழுத வேண்டியதை எழுதி முடிக்கும், யு மேற்கொண்டு எதுவும் எழுதாதபடி வன்தட்டைப் பூட்டும், பி கணினியை மறுபடி தொடங்கும். அதற்கும் கணினி அசையாவிட்டால் கெர்னலே நின்றுவிட்டது என்று பொருள்.

அம்மா, 7.54
மாப்பிள்ளை, ஒரே வரியில் சொல்லுங்கள். கோப்பு கிடைக்குமா?

மாதவன் அத்தான், 7.54
கிடைக்கும் அத்தை.

செல்வி, 8.06
அண்ணா, நம் லாக் விளக்கு மாறவில்லை. எஸ், யு, பி மூன்றையும் இரண்டு முறை செய்தேன்; ஒன்றும் நடக்கவில்லை. தாத்தா காலையில் பாட்டுப் போட்டிருந்தார். நின்றதிலிருந்து அந்தப் பாட்டின் ஒரே துணுக்கு விடாமல் ‘ர்ர்ர்’ என்று திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்கிறது.

தாத்தா, 8.08
அந்த ஓசையைக் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மாதவன் அத்தான், 8.19
செல்வி, அந்த ஓசையைக் குறிப்பிட்டது மிகவும் உதவியாக இருக்கிறது. ஒலிக்கான வன்பொருளிடம் ஒரு சிறு தொட்டி இருக்கும். கெர்னல் அதில் பாட்டைத் துளித்துளியாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றுபவர் நின்றுவிட்டால், ஒலிப் பகுதி தன்னிடம் மிஞ்சியதையே சுற்றிச் சுற்றி ஒலிக்கும். ஆக, நிற்பது கெர்னல்தான். திரையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தக் கணினியை லாமிங்டன் சாலையில் வாங்கி நான் உபுண்டு நிறுவியபோது, பழைய இயந்திரத்துக்கு மாற்றம் குறைவானதே போதும் என்று 5.15 என்ற கெர்னலை வைத்தேன். சனிக்கிழமை மேம்படுத்தியதில் அது 6.8 ஆகியிருக்கும். ஆனால் புதியது வந்ததும் பழையதை உபுண்டு உடனே தூக்கி எறிவதில்லை. இப்படிப்பட்ட நாளுக்காகவே அதை வைத்திருக்கும். செல்வி, மின்விசையை ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்துக் கணினியை அணை. மறுபடி தொடங்கியதும், தயாரிப்பாளர் முத்திரை திரையில் தெரியும்போதே இடப்பக்க ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொள். கிரப் என்ற பட்டியல் வரும். அதில் இரண்டாவது வரியான மேம்பட்ட தேர்வுகளுக்குள் போனால் கெர்னல்களின் எண்கள் தெரியும். அதைப் படம் எடுத்து அனுப்பு, எதையும் தேர்ந்தெடுக்காதே.

பெரிய மாமா, 8.22
மாப்பிள்ளை, உள்ளே தூசி அடைந்து சூடேறி நிற்கிறதோ என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஆகியிருக்கிறது.

மாதவன் அத்தான், 8.25
நியாயமான சந்தேகம் மாமா. தூசி, நினைவகப் பழுது, வன்தட்டுப் பழுது மூன்றுமே இப்படி நிறுத்தக்கூடியவைதான். ஆனால் சனிக்கிழமை மாலை வரை நாள் முழுவதும் ஓடியது ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பத்து நிமிடம் தாங்கவில்லை என்றால், இடையில் மாறிய ஒன்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய கெர்னலிலும் நின்றால் நீங்கள் சொன்னதற்கே வருவோம்.

செல்வி, 8.41
முதல் முறை தவறவிட்டுவிட்டேன், நேரே உள்ளே போய்விட்டது. இரண்டாவது முறை பட்டியல் வந்தது. படம் அனுப்பியிருக்கிறேன். நான்கு வரிகள் இருக்கின்றன: 6.8, அதன் மீட்பு நிலை, 5.15, அதன் மீட்பு நிலை.

மாதவன் அத்தான், 8.43
5.15 இருக்கிறது! மூன்றாவது வரியைத் தேர்ந்தெடு. மீட்பு நிலை வேண்டாம். உள்ளே போனதும் வேறு எதையும் தொடாமல், ஆவணங்கள் அடைவு முழுவதையும் பென் டிரைவில் நகலெடு. நோயைக் கண்டுபிடிப்பது பிறகு. சரக்கை வெளியே எடுப்பது முதலில்.

கயல், 8.50
அத்தான், பாட்டியின் மிச்சப் படங்கள் ஏதாவது அதில் இருந்தால் அவற்றையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

செல்வி, 9.21
மைனி, இருந்த 14 படங்களையும் எடுத்துவிட்டேன். 30 நிமிடம் தாண்டியும் கணினி நிற்கவில்லை. ஆனால் பத்திரிகைக் கோப்பைத் திறந்தால், அது ஏற்கெனவே வேறொருவரால் திருத்தப்படுகிறது, பூட்டியிருக்கிறது என்று வருகிறது. இங்கே வேறு யாரும் இல்லையே.

மாதவன் அத்தான், 9.27
வேறு யாரும் இல்லை செல்வி. தாத்தா பத்திரிகை எழுதும் லிப்ரெஆபிஸ் என்ற நிரல் ஒரு கோப்பைத் திறக்கும்போது பக்கத்திலேயே ஒரு சிறு பூட்டுக் கோப்பை வைக்கும். மூடும்போது அதை எடுத்துவிடும். நேற்று மூடுவதற்குள் கணினி நின்றதால் பூட்டு அப்படியே தங்கிவிட்டது. நகலாகத் திற என்பதைத் தேர்ந்தெடுத்துப் புதிய பெயரில் சேமி. மீட்கவா என்று ஒரு பெட்டி கேட்டால் சம்மதம் கொடு. திறந்ததைக் குழுவில் போடு, எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

செல்வி, 9.44
பத்திரிகை அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் பார்க்கவும்.

பெரிய மாமா, 9.58
பார்த்தேன். தாய்மாமன் வரிசையில் என் பெயர் மட்டும் இருக்கிறது. உங்கள் மைனியான என் மனைவியின் பெயர் இல்லை, அவர்கள் வீட்டாரின் பெயரும் இல்லை. 2016-இல் மூத்தவள் கல்யாணத்திலும் இதேதான். அன்று அச்சகத்தின் பிழை என்றீர்கள்.

அம்மா, 10.02
அண்ணா, நான் அப்பாவிடம் சொல்லித்தான் இருந்தேன்.

தாத்தா, 10.11
மூத்தவனே, இதை நான் சொல்ல வேண்டும். உன் மனைவியின் பெயரையும் அவள் பிறந்த வீட்டாரான சம்பந்தி வீட்டாரின் பெயரையும் நேற்றுக் காலை ஒருமுறையும் மாலை ஒருமுறையும் தட்டச்சு செய்தேன். இரண்டு முறையும் வரி முடிவதற்குள் கணினி நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் அந்த வரிகள் இல்லை. 2016-இல் விட்டுப்போனது என் கவனக்குறைவு. இந்த முறை நான் மறக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன், படம் அனுப்புகிறேன்.

மாதவன் அத்தான், 10.16
பெரிய மாமா, தாத்தா சொல்வதற்குக் கணினியில் தெளிவான காரணம் இருக்கிறது. லிப்ரெஆபிஸ் நாம் சேமிக்காவிட்டாலும் மீட்புக்கான குறிப்பைத் தானாக எழுதும். ஆனால் நாம் மாற்றி அமைக்காதவரை அது 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான். இந்தக் கணினி பத்து நிமிடத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் குறிப்பு எழுதும் நேரம் வருவதற்குள் தாத்தா எழுதியது போய்விட்டது. செல்வி, அந்த இடைவெளியை 2 நிமிடமாகக் குறைத்து வை.

பெரிய மாமா, 10.40
குறிப்பேட்டுப் படத்தைப் பார்த்தேன். சரி அப்பா.

சின்ன மாமா, 10.44
ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம் என்று அச்சகத்தார் சொல்கிறார்கள். மைனியின் பெயர் தாராளமாக வரும். சம்பந்தி வீட்டாரின் பெயரையும் சேர்த்தால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டும்.

அம்மா, 10.46
சிறிதாக்கினால் மாப்பிள்ளை வீட்டார் பெயரும் சிறிதாகும். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

பெரிய மாமா, 10.47
கேளுங்கள்.

செல்வி, மதியம் 1.15
பெரியம்மா பெயரைச் சேர்த்துவிட்டேன். 5.15-இல் நான்கரை மணி நேரமாக ஓடுகிறது, ஒருமுறையும் நிற்கவில்லை. எழுத்து உடையாமல் இருக்கப் பிடிஎஃப் ஆக மாற்றி அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன்.

சின்ன மாமா, மாலை 4.10
அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. புதன்கிழமை மாதிரிப் படி வரும். அதுவரை சிறு திருத்தங்களை ஏற்றுக்கொள்வார்களாம். சம்பந்தி வீட்டார் வரியை அதற்குள் முடிவு செய்துகொள்ளலாம்.

தாத்தா, 4.25
மாதவன், நன்றாக இருங்கள். இனி இந்தப் பழைய கெர்னலிலேயே ஓட்டிக்கொள்ளலாம் அல்லவா?

மாதவன் அத்தான், 4.48
சில நாள்கள் ஓட்டலாம் தாத்தா, நிரந்தரமாக வேண்டாம். 24.04-க்கு மாறிய பிறகு 5.15-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் இந்தக் கணினிக்கு வந்து சேராது. நீங்கள் ஓய்வூதியக் கணக்கை அதில்தான் பார்க்கிறீர்கள். அதே நேரம், வேண்டாதவற்றை நீக்கவா என்று கணினி கேட்கும்போது 5.15-உம் அந்தப் பட்டியலில் போய்விடக்கூடும். அதைப் பிடித்து வைக்கும் கட்டளையைச் செல்விக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

6.8 ஏன் நிற்கிறது என்பதற்கு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நிற்பதற்கு முன் எழுதப்பட்ட பதிவுகளைச் செல்வி எடுத்து அனுப்பினாள். அவற்றில் பிழைச் செய்தி எதுவுமே இல்லை. வாக்கியம் பாதியில் அறுந்ததுபோல் முடிகின்றன. எழுத நேரமே கிடைக்காமல் நின்றிருக்கிறது. வேலை இல்லாதபோது கணினியின் மூளையான செயலி (CPU) மின்சாரத்தைச் சேமிக்கச் சிறு உறக்கத்துக்கும் ஆழ்ந்த உறக்கத்துக்கும் போய் வரும். சில பழைய செயலிகள் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழாமல் போவதுண்டு. நீங்கள் தட்டச்சை நிறுத்தி யோசிக்கும் வேளையில்தான் பெரும்பாலும் நின்றது என்று செல்வி சொன்னாள். அது இதற்குப் பொருந்துகிறது. இன்று இரவு கிரப் பட்டியலில் 6.8-இன் மேல் நின்று ‘இ’ (e) விசையை அழுத்தி, ஆழ்ந்த உறக்கத்தைத் தடுக்கும் ஒரு சொல்லை லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் சேர்த்து எஃப்10 அழுத்தினால், அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும் அது செல்லும். பலிக்காவிட்டால் அணைத்துத் தொடங்கினால் போதும், எதுவும் கெடாது. பலித்தால் மின்சாரம் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பெரிய மாமா, 4.55
புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் அப்பா. பாதிப் பணம் நான் தருகிறேன்.

தாத்தா, 5.02
கல்யாணம் முடியட்டும். பிறகு பேசுவோம்.

செல்வி, இரவு 10.41
அண்ணா, நீங்கள் சொன்னபடி 6.8-இல் தொடங்கி 55 நிமிடம் ஆகிறது. யாரும் தொடாமல் சும்மா விட்டு வைத்திருக்கிறேன். கடிகாரம் ஓடுகிறது, பாட்டும் ஓடுகிறது.

மாதவன் அத்தான், 10.44
பாட்டை நிறுத்திவிடு செல்வி. பாட்டு ஓடும்போது செயலி அடிக்கடி விழித்துக்கொள்ளும், ஆழ்ந்து உறங்குவது குறையும், சோதனை முழுமையாகாது. அமைதியாக விடியும்வரை இருக்கட்டும். காலையில் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்.

பெரிய மாமா, 10.50
மாதிரிப் படி வந்ததும் எனக்கு அனுப்பு தம்பி. மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசியாயிற்றா?

அம்மா, 10.58
நாளை பேசுகிறேன் அண்ணா.