சி மொழில (C) ஃபைல் எழுதி தலை சுத்தின கதை இருந்தா சொல்லுங்க

ரோஸ்ஹில்காரன்:
மொரீஷியஸ்ல க்யூர்பீப் பக்கம் ஒரு மழைமானி, அதோட ஒரு பழைய விண்டோஸ் மெஷின். மணிக்கு ஒரு ரெக்கார்டு, மணி ஒரு இன்ட் (4 பைட் முழு எண்), மழை ஒரு இன்ட், நேரா எஃப்ரைட் (fwrite, மெமரில இருக்குற பைட்ட ஃபைல்ல எழுதுறது), யாரோ எப்பவோ எழுதி வச்சது. அந்த ஃபைல லினக்ஸ்ல திறந்தா காலைல ஒன்பது வரைக்கும் சுத்தமா இருக்கு, அடுத்த வரி மணி 2573, மழை 768 மில்லிமீட்டர், அதுக்குக் கீழ எல்லாமே குப்பை. புயல் வந்தாக்கூட ஒரு மணி நேரத்துல அவ்ளோ கொட்டாதுப்பா! ஹெக்ஸ் டம்ப்ல, அதாவது ஃபைல பைட் பைட்டா பிரிச்சுப் பாத்தா, 10-க்கு முன்னாடி ஒரு 13 உக்காந்திருக்கு. ஃபைல் திறக்குற எஃப்ஓப்பன்ல "டபிள்யூபி" (wb, பைனரியா எழுது) இல்ல, வெறும் "டபிள்யூ" (w, டெக்ஸ்டா எழுது). வரி முடிவக் காட்டுற நியூலைனோட எண்ணும் 10 தான், பத்து மணிய அதுன்னு நினைச்சு விண்டோஸ் முன்னாடி ஒரு கேரேஜ் ரிட்டர்ன (13) சொருகிருக்கு. அங்கயே படிச்சா அதுவே கழட்டிடும், அதான் இத்தனை நாளா யாருக்கும் தெரியல.

ரீயூனியன்பொண்ணு:
பைனரியே எதுக்குண்ணே, எஃப்பிரிண்ட்எஃப் (fprintf) போட்டு டெக்ஸ்டா எழுதினா கண்ணால பாக்கலாமே. ஆனா எங்க ஊர்ல அதுலயும் வில்லங்கம். புரோகிராம் ஆரம்பத்துலயே செட்லோகேல் (எண், தேதியெல்லாம் ஊர் வழக்கப்படி எழுத வைக்கிறது) கூப்பிடுது, சிஸ்டம் பிரெஞ்சு, 2.5 மில்லிமீட்டர் 2,5-னு விழுது. ஃபைலோ சிஎஸ்வி, ஒவ்வொரு மதிப்பையும் பிரிக்கிறதே கமாதான். அதனால அடுத்த வெப்பநிலை பத்தில 5 நிக்குது. ஜனவரில, கடற்கரைல!

சாட்ஸ்வொர்த்:
தங்கச்சி, டெக்ஸ்ட்னா பத்திரம்னு யாரு சொன்னா? டபுள்-அ (புள்ளி வச்ச எண்) %எஃப்ல எழுதினா புள்ளிக்கு அப்புறம் ஆறு இலக்கம்தான், திருப்பிப் படிச்சா அதே எண் வரும்னு சொல்ல முடியாது, %.17ஜி போடணும். பைனரில டபுள் 8 பைட், போன மாதிரியே வரும். அதுக்காக ஸ்ட்ரக்ட்ட (பல ஃபீல்டு சேர்ந்த தொகுப்பு) மொத்தமா எஃப்ரைட் பண்ணிடாதீங்க, 1 பைட் கேர் ஒண்ணு, 4 பைட் இன்ட் ஒண்ணு சேர்ந்தா 5 பைட்னு நினைப்போம், கம்பைலர் நடுவுல காலி பைட் (பேடிங்) வச்சு பெரும்பாலும் 8 ஆக்கிடும், ஃபீல்டு ஃபீல்டா எழுதுங்க, எந்த பைட் முதல்லங்கறதையும் நீங்களே முடிவு பண்ணுங்க, ஃபைல் தலைல ஒரு வெர்ஷன் நம்பர் வைங்க. என் கதையா? விண்டோஸ்ல "ஆர்"னு (r, டெக்ஸ்டா படி) திறந்திருந்தாங்க, பாதிலயே ஃபைல் முடிஞ்சுபோச்சுன்னுது. உள்ள ஒரு 26. அதுதான் கன்ட்ரோல்-இசட், டெக்ஸ்டா படிச்சா விண்டோஸுக்கு அது ஃபைல் முடிவு!

ரோஸ்ஹில்காரன்:
அண்ணே, எப்படி எழுதணும்னு நான் கேக்கவே இல்லையே. லினக்ஸ்ல "பி" போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான், அங்கயே பழகினவங்களுக்கு இது தோணாது. எனக்கு பழைய ஃபைல காப்பாத்தணும். 13 எல்லாத்தையும் தூக்கவும் முடியாது, மதியம் ஒரு மணி 13 தானே. ஆனா நிஜ 13-க்குப் பின்னாடி 0 தான் வரும், 4 பைட்ல முதல் பைட்டுக்கே அடங்குற சின்ன எண்ணு பாருங்க, அதனால 13-ம் 10-ம் ஒட்டி வர்ற இடத்துல மட்டும் 13-அ தூக்கினேன். ஒரு ரெக்கார்டு 8 பைட், இப்ப சைஸ் 8-ஆல மிச்சமில்லாம வகுபடுது.

ரீயூனியன்பொண்ணு:
நாங்க செட்லோகேல்ல எண்ணுக்கான எல்சி நியூமெரிக்க மட்டும் "சி"ன்னு (புள்ளி போடுற வழக்கம்) மாத்தி வச்சிட்டோம். தேதியும் மத்ததும் பிரெஞ்சுலயே வரட்டும், ஆபீஸ்ல அதைத்தான் கேக்குறாங்க.