தையல் தெரியும்படி தைத்த துணி: உங்களுக்கு நடந்தது?

நூல்கண்டு:
கிழிசலை மறைக்காமல் அதன்மேலேயே பளிச்சென்று பூப் போட்டு உடுத்துவதுதான் இப்போது ஸ்டைலாம். மகள் அப்படி ஒரு ஜீன்ஸ் கேட்கிறாள். எனக்கு வேறு ஞாபகம் வருகிறது.

எட்டாம் வகுப்பு. சைக்கிள் செயினில் மாட்டி யூனிஃபார்ம் பாவாடை கிழிந்துவிட்டது. பச்சைப் பாவாடை. பச்சை நூல் தீர்ந்துபோயிருக்கும், அம்மா ஆரஞ்சு நூலில் ஐந்து இதழ் வைத்துப் பூப் போட்டாள். சங்கிலித் தையலில் காம்பு, நடுவில் மூன்று முடிச்சு. மறுநாள் பிரேயரில் டீச்சர் ஸ்கேல் நுனியால் அந்தப் பூவைத் தொட்டு, "இது என்ன?" என்றார். "வாங்கும்போதே இருந்தது மிஸ்" என்றேன். பின்னாலிருந்து ஒருத்தி, "கிழிசல் மிஸ், உள்பக்கம் பாருங்க" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு.

வீட்டுக்கு வந்ததும் பிளேடை எடுத்துப் பூவை அறுத்தேன். கடைசி இதழ் துணியோடு சேர்ந்து வந்தது. அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பாவாடை மடித்து வைத்திருந்தது. கிழிசல் பச்சை நூலில் நெருக்கமாக, தெரியவே தெரியாதபடி.

மலைக்காற்று:
நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூவேலையை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. ஊட்டியில் ஒரு பாட்டியிடம் போர்வை பார்த்தேன். வெளுத்த முரட்டுத் துணியில் சிவப்பும் கறுப்பும். தறியில் நெய்தது என்றே நினைத்தேன். எல்லாம் கைத்தையல்! வரைந்துகொள்வது கிடையாது, வளையம் மாட்டுவது கிடையாது, துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலை. நான் வழவழப்பான பக்கம் வெளியே தெரியப் போர்த்திக்கொண்டேன். பாட்டி சிரித்துக்கொண்டே என் தோளிலிருந்து எடுத்துத் திருப்பிப் போட்டார். நூல் சொரசொரவென்று புடைத்து நிற்கிற பக்கம்தான் அவர்களுக்கு மேல்பக்கம். எத்தனை நாள் தைத்தீர்கள் என்று கேட்டிருக்கலாம். நான் இருநூறு குறைக்கச் சொன்னேன்.

அப்புறம், நூல்கண்டு அவர்களே, ஒரு சந்தேகம். பச்சை நூல் தீர்ந்துவிட்டது என்கிறீர்கள். ராத்திரியோடு ராத்திரி அது எங்கிருந்து வந்தது? கதையிலும் ஓட்டை இருக்கிறதே.

டெய்லர் அண்ணன்:
நான் முப்பது வருஷமாக டார்னிங், அதாவது ஓட்டையை இழை கோத்து அடைக்கும் வேலை, செய்கிறவன். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், தெரியாமல் தைக்க வராதவர்கள்தான் பூப் போடுகிறார்கள். ஒரு அம்மா வெள்ளைச் சட்டை கொண்டுவந்தார், பாக்கெட் பக்கத்தில் சுட்ட ஓட்டை. பக்கத் தையலின் உள்மடிப்பிலிருந்தே நூல் உருவி இழை இழையாகக் கோத்தேன். நானே தேடினால்தான் கிடைக்கும். வாங்க வந்தது மகன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான், விரலால் தடவினான். "இங்கதானே இருந்துச்சு?" என்றான். "போயிடுச்சு தம்பி" என்றேன் பெருமையாக. "அது அப்பா பீடி" என்று சொல்லி, காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நான் என்ன தப்புச் செய்தேன், நீங்களே சொல்லுங்கள்.

ஓட்டுத்தையல்:
டெய்லர் அண்ணா, தைக்க வராதவர்கள் என்று ஒரே போடாகப் போடாதீர்கள். வங்காளத்துக் காந்தாவில் பழைய புடவைகளை அடுக்கி வைத்து, புடவைக் கரையிலிருந்தே நூல் உருவி ஓட்டுத்தையலால் நிரப்புவார்கள். ஜப்பான்காரர்களின் சாஷிகோ தையல் நீலத் துணியில் வெள்ளை நூல். மறைக்கவா அது?

என் அனுபவம் சின்னது, கணவர் லுங்கியில் போட்ட சிவப்புப் பூ முதல் சலவையிலேயே சாயம் விட்டு லுங்கியே ரோஸ் ஆகிவிட்டது. அதனால் ஜீன்ஸ் கேட்கும் மகளுக்குச் சொல்லுங்கள்: அடர்நிற நூலை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும். எம்ப்ராய்டரி நூல் ஆறு இழை, மெல்லிய துணிக்கு இரண்டைப் பிரித்தெடுத்தால் போதும். ஓட்டையின் விளிம்பில் தொடங்காதீர்கள், நைந்த துணி நூலைத் தாங்காது. ஒரு விரலகலம் தள்ளி நல்ல துணியில் தொடங்குங்கள். முதலில் ஒரே திசையில் நூல் ஓட்டிவிட்டு, அப்புறம் குறுக்கே மேல் ஒன்று கீழ் ஒன்றாகப் பின்னுங்கள். திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் சின்ன வளையம் விடுங்கள், துவைத்தால் நூல் சுருங்கும். அடியில் பியூஸ் போன பல்பு வைத்துக்கொண்டால் துணி விறைப்பாக நிற்கும். முடிச்சு போடவே வேண்டாம், உடம்பில் உறுத்தும். துணியை உடம்பில் போட்டுக்கொண்டே தைப்பதும் வேண்டாம், சாஸ்திரம் ஒருபுறம், ஊசி குத்தும்.

நூல்கண்டு:
மலைக்காற்று, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பச்சை நூல் மிஷின் டிராயரில் எப்போதும் கிடக்கும். யூனிஃபார்ம் ஹெம்மிங் எல்லாம் அதில்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எந்தப் பாவாடை?" என்றாள்.