‘போய் எடுத்துட்டு வா’ குவெஸ்ட்: ரசித்ததும் கடுப்பானதும்

பெரம்பூர்:
வீடியோ கேமில் ‘இதைப் போய் எடுத்துட்டு வா’ என்று கொடுக்கும் வேலைதான் ஃபெட்ச் குவெஸ்ட். அது என்றாலே திட்டுகிறோம். ஆனால் ‘விட்சர் 3’ பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் வாயில் வருவது அந்த வாணலிதான். ஒயிட் ஆர்ச்சர்ட் என்ற ஊரில் ஒரு பாட்டி தன் வாணலியை மீட்டுத் தரச் சொல்வார். பூட்டிய கதவை ஆர்ட் மந்திரத்தால் உடைத்து உள்ளே போனால் பிணம் கிடக்கும். வாணலியோ பளிச்சென்று இருக்கும். அடியில் பிடித்திருந்த கரியை யாரோ சுரண்டி மை தயாரித்திருக்கிறார்கள். நாயகன் கெரால்ட் மூளையைக் கசக்கி இதையெல்லாம் துப்பறிகிறான், பாட்டிக்கோ வாணலி வந்தால் போதும்!

எடுத்து வரும் பொருள் அற்பமாக இருக்கட்டும், போன இடத்தில் ஏதாவது காத்திருக்க வேண்டும். ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ எனக்கு அலுத்தது அங்கேதான். வானத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. அடைக்க வேண்டிய ஆள் ஹின்டர்லேண்ட்ஸ் என்ற பகுதியில் அகதிகளுக்காக 10 கிடாக்கறி சேர்த்துக்கொண்டிருக்கிறான். நல்ல காரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதல் கிடாவுக்கும் பத்தாவது கிடாவுக்கும் என்ன வித்தியாசம்?

வேளச்சேரி:
போன இடம் மட்டுமா அண்ணா? வழியே விளையாட்டாக இருந்தால்? ‘டெத் ஸ்ட்ராண்டிங்’ முழுக்க சரக்கு டெலிவரிதான். முதுகில் பெட்டிகளை அடுக்கி ஏறும்போது நாயகன் சாம் ஒரு பக்கம் சாய்வான். கன்ட்ரோலரில் எல்2, ஆர்2 பட்டன்களைப் பிடித்து நிமிர்த்த வேண்டும். ஆற்றின் நடுவில் தெம்பு தீர்ந்தால் சரக்கெல்லாம் மிதந்து போகும். ஓடிப் பிடிக்க வேண்டியதுதான். அப்போது ஆன்லைனில் விளையாடும் முகம் தெரியாத எவரோ போட்டுவிட்டுப் போன ஏணி கண்ணில் பட்டால் வரும் சந்தோஷம் இருக்கிறதே! லைக்கை அள்ளிக் கொடுத்தேன். அப்புறம், மழையில் சரக்கு கெடும் என்று அதில் சொல்லித் தருகிறார்கள். வேளச்சேரிக்காரனுக்கு அந்த டுடோரியல் தேவையில்லை.

சோழிங்கநல்லூர்:
நான் கட்சி மாறுகிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் கதையெல்லாம் மண்டையில் ஏறாது. பாட்டைப் போட்டுவிட்டு 10 மூலிகை பறிப்பதுதான் எனக்கு ஓய்வு. எண்ணிக்கை எனக்குப் பிரச்சினையே இல்லை, லாட்டரிதான் பிரச்சினை. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில்’ வரிக்குதிரை மாதிரி ஸெவ்ரா என்று ஒன்று வரும். 4 குளம்பு கேட்பார்கள். நாலு கால் மிருகத்தை அடித்துப் பார்த்தால் ஒரு குளம்புகூட இருக்காது! எதில்தான் நடந்து வந்தது?

பெரம்பூர்:
தம்பி, சரியாகச் சொன்னீர்கள். இழுவை என்று தெரிந்தால் குறைக்கவும் முடியும். ‘விண்ட் வேக்கரில்’ ட்ரைஃபோர்ஸ் என்ற புனிதப் பொருள் 8 துண்டாகக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் வரைபடம் தேடி, டிங்கிள் என்ற ஆசாமியிடம் படிக்கக் கொடுத்து, பிறகு படகில் போய்க் கடலடியைத் துழாவ வேண்டும். 2013 எச்டி பதிப்பில் நிண்டெண்டோ 5 துண்டுகளை நேரடியாகவே கொடுத்துவிட்டது. மீதி 3-க்கு இன்னும் டிங்கிளிடம் காசு அழ வேண்டும்.