புதுப்பிப்பு: அந்த வரியை அடித்துவிட்டார்கள்

தென்கொரியாவில் நான் ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி மையம் என் எச்.ஐ.வி. சோதனை முடிவைக் கேட்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். நேற்று மேலாளரிடம் பேசினேன். இந்நாட்டு எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி வேலை கொடுப்பவர் அந்த முடிவைக் கேட்கவே கூடாது. அந்தப் பிரிவைக் கொரிய மொழியிலேயே அச்செடுத்து மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார். அப்புறம் மையத்தின் படிவத்தில் அந்த முடிவைக் கேட்கும் வரியைப் பேனாவால் அடித்தார்.

விசாவுக்கான கட்டாய எச்.ஐ.வி. சோதனையே 2017இல் போய்விட்டது. மறுபரிசோதனைக்கு மறுத்து வேலையை இழந்த நியூசிலாந்து ஆசிரியை ஒருவருக்கு ஆதரவாக 2015இல் ஐ.நா. குழு முடிவு சொன்னது. அவர் பட்ட பாடுதான் எனக்குக் கைகொடுத்தது. போதைப்பொருள் சோதனை இன்னும் உண்டு, அது சரி. அறிக்கையைக் குடிவரவு அலுவலகத்தில் நானே கொடுக்கிறேன். அந்தப் படிவத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதே என்று தடுத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.