மறு: ‘எர்த் லீக்கேஜ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்சாரம் கசிந்தால் இணைப்பை வெட்டும் ‘எர்த் லீக்கேஜ்’ கருவிக்கு, வீட்டில் உப்புநீரில் பவளம் வளர்ப்பவர்களுக்கான நம் பவளத் தொட்டிக் கையேட்டில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஐயா ‘நிலக்கசிவு முறிப்பான்’ என்று எழுதியிருக்கிறார். பீனிக்ஸ் பகுதி அக்கா, தமிழ்நாட்டில் சொல்கிற ‘மின்கசிவு தடுப்பான்’ போதுமே என்கிறார். எனக்கு இரண்டிலும் தயக்கம். ‘மின்கசிவுத் துண்டிப்பான்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

அந்தக் கருவி நிலத்தைப் பார்ப்பதே இல்லை. லைவ் கம்பியில் போன மின்னோட்டம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் டிபி போர்டில் (வீட்டு மின்பகிர்வுப் பெட்டியில்) ஸ்விட்ச் விழுந்துவிட வேண்டும். அதனால் ‘நிலம்’ வேண்டாம்.

‘தடுப்பான்’ அதைவிட ஆபத்து. ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் விரிசல், உப்புநீர் உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நீரில் 230 வோல்ட் வரை ஏறியிருக்கலாம். ஆனால் கண்ணாடித் தொட்டியிலிருந்து மின்சாரம் வெளியே போக வழி இல்லை. மீன்கள் பாட்டுக்கு நீந்தும், கருவியும் சும்மா இருக்கும். வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்று ஒருவர் கையை விட்டால் அவர் உடம்புதான் வழி. அதன் பிறகுதான் ஸ்விட்ச் விழும். ‘தடுப்பான்’ என்று படிக்கிறவர், மாட்டியாச்சு, இனிக் கசியாது என்று நம்பிவிடுவார். துண்டிப்பான் என்றால் கசிந்த பிறகு வெட்டுவது என்று சொல்லிலேயே தெரிகிறது.

டைட்டானியம் கம்பியைத் தண்ணீரில் விட்டு எர்த்தோடு இணைத்திருந்தால், கை படும் முன்பே கசிவு அந்த வழியாக ஓடி ஸ்விட்ச் விழுந்துவிடும். அதற்கு ‘நிலக்கம்பி’ சரி. ஆனால் துண்டிப்பான் இல்லாத வீட்டில் நிலக்கம்பியை மட்டும் போடக் கூடாது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் பல வீடுகளில் எல்லா பிளக்குகளுக்கும் சேர்த்து ஒரே துண்டிப்பான்தான். அது விழுந்தால் ஃபிரிட்ஜும் தொட்டியும் சேர்ந்தே நிற்கும். அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து வயர் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்துத் தொட்டிக்கென்று தனித் துண்டிப்பான் போடுவதுதான் வழி.

வயர் வழியாக வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும்படி வயரைத் தொங்கவிடுவதற்கு ‘சொட்டு வளைவு’. அதில் யாருக்கும் மறுப்பில்லை.

அப்புறம் ‘டிப்’, அதாவது பவளத்தைத் தொட்டியில் வைக்கும் முன் மருந்துக் கரைசலில் முக்கி எடுப்பது. ‘கிருமிநீக்கக் குளியல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நாம் விரட்டுவது கிருமியை இல்லையே, பவளத்தைக் கடித்துத் தின்னும் தட்டைப்புழுவை. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். கரும்புக் கரணையை நடும் முன் மருந்துக் கரைசலில் நனைப்பதைத் தமிழ்நாட்டு உழவர்கள் ‘கரணை நேர்த்தி’ என்கிறார்கள். அதே வேலைதான் இது. ‘பவள நேர்த்தி’ என்றால் தொட்டியில் வைக்கும் முன்பே செய்ய வேண்டியது என்பதும் புரிந்துவிடும்.

நேர்த்திப் பகுதியில் முட்டையைப் பற்றி இன்னும் விரிவாக எழுத வேண்டும். அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தில் தட்டைப்புழு இருந்தால் கிளைகளில் வெளிறிய வட்ட வட்டமான கடித்தடங்கள் தெரியும். புழு பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். அயோடின் கரைசலில் ஆட்டி, அழுத்திப் பீய்ச்சும் ரப்பர் குமிழ்க் குழாயால் நீரைப் பீய்ச்சினால் உதிர்ந்து விழும். ஆனால் அடியில் சதை செத்து எலும்பு வெளுத்திருக்கும் இடத்தில் பழுப்பு முட்டைகள் திட்டுத் திட்டாக இருக்கும். மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது. சுரண்ட வேண்டும், முடிந்தால் அந்த அடிப்பகுதியையே வெட்டிவிட வேண்டும். பொரித்து வருவதைப் பிடிக்க வாரம் ஒரு முறை என்று சில வாரங்கள் நேர்த்தியைத் திரும்பச் செய்ய வேண்டும். அதுவரை தனித் தொட்டிதான்.

பவளத்தை எடுக்கக் கை விடும் முன் பம்ப், ஹீட்டர் இரண்டின் பிளக்கையும் பிடுங்க வேண்டும் என்ற வரி இப்போது மின்சாரப் பகுதியில் மட்டும் இருக்கிறது. அதை நேர்த்திப் பகுதியிலும் முதல் வரியாகப் போட வேண்டும். புழுவைத் தேடுகிற அவசரத்தில் யாரும் பக்கம் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

‘துண்டிப்பான்’, ‘நேர்த்தி’ இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த வரைவில் இவற்றையே போட்டுவிடுகிறேன்.