கிர்க்கி வீரர்களுக்குத் தீபாவளிப் பார்சல்: திருப்பூர், புனே நண்பர்கள் கவனிக்கவும்

புனே கிர்க்கியில் முதுகுத்தண்டு அடிபட்ட படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974 முதல் இருக்கு. தீபாவளிக்கு அங்கே பார்சல் அனுப்பணும். லட்டும் போர்வையும் எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர் நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் உட்காரும்போது பின்பாக்கெட் பொத்தான் ஒன்று போதும், தோல் அழுந்திப் புண்ணாகும். ஆற மாதக்கணக்கில் ஆகும். அதனால் பின்பாக்கெட் இல்லாத பருத்தி டிராக் பேன்ட்தான் வேணும். தையல் தடிக்கக் கூடாது, இடுப்பில் தளர்வான எலாஸ்டிக், கால் நீளம் 2 அங்குலம் கூடுதல் (உட்கார்ந்தா மேலே ஏறிக்கும்). திருப்பூரில் யாராவது 40 உருப்படி தைச்சுத் தர முடியுமா?

வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம். சுட்டாலும் அவருக்குத் தெரியாது. மைதா இனிப்பும் வேண்டாம், மலச்சிக்கல் ஏற்கெனவே பெரும்பாடு. வறுத்த கடலை, உலர் அத்தி நல்லது.

புனேயில் இருக்கிறவங்க மையத்தில் முன்கூட்டியே பேசி, சைஸ் பட்டியலும் உள்ளே போக அனுமதியும் வாங்கித் தரணும். திடீர்னு போய் நின்னா வாசல்லயே நிறுத்திடுவாங்க.

பணமா தர நினைக்கிறவங்க எங்ககிட்ட தர வேண்டாம். டிசம்பர் 7 கொடிநாள் நிதிக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கட்டி, ரசீது வாங்கிக்குங்க.